டார்ட்ஸ் 501: பலகை மாட்டுவது முதல் கடைசி டபுள் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

டார்ட்ஸ் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் எறிவதில் மட்டுமே கவனம் செலுத்துகிறார்கள். கணக்கைச் செல்பேசிச் செயலியிடமோ எதிராளியிடமோ விட்டுவிடுகிறார்கள். ஆனால் போட்டிகளில் ஆடப்படும் 501 என்ற ஆட்டம் அடிப்படையில் ஒரு கழித்தல் ஆட்டம். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் 501 புள்ளிகளோடு தொடங்கி, எறிந்து பெற்ற புள்ளிகளை அதிலிருந்து கழித்துக்கொண்டே வந்து, கடைசி டார்ட்டை ஒரு டபுளில் (எண்ணின் மதிப்பை இரட்டிப்பாக்கும் மெல்லிய வெளிவளையத்தில்) குத்தி மிகச்சரியாகப் பூஜ்ஜியத்தை எட்ட வேண்டும். எவ்வளவு மிச்சம் என்று தெரியாதவரால் கையில் இருக்கும் டார்ட்டை எங்கே எறிவது என்று முடிவுசெய்ய இயலாது. ஆகவே இந்த வழிகாட்டியில் எறியும் முறையைவிடக் கணக்கு வைப்பதற்கும் மிச்சத்தைத் திட்டமிடுவதற்கும் கூடுதலான இடம் தந்திருக்கிறேன்.

பலகையை அறிதல்

போட்டிகளில் பயன்படும் பலகை, சைசல் என்னும் கற்றாழை இனச் செடியின் நாரை இறுக்கி அழுத்திச் செய்யப்படுவது. முனை நுழையும்போது நார்கள் விலகி வழிவிட்டு, டார்ட்டைப் பிடுங்கியதும் மீண்டும் கூடிக்கொள்வதால் பலகை நீண்ட காலம் உழைக்கிறது. அதன் முழு விட்டம் 451 மில்லிமீட்டர். வட்டம் 20 சம பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருமாறு நிறமிடப்பட்டிருக்கும். உச்சியில் இருக்கும் 20இல் தொடங்கி வலஞ்சுழியாகச் சென்றால் எண்கள் 20, 1, 18, 4, 13, 6, 10, 15, 2, 17, 3, 19, 7, 16, 8, 11, 14, 9, 12, 5 என்ற வரிசையில் அமைந்திருக்கும்.

இந்த வரிசையை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் முதல் பரிந்துரை. பெரிய எண்களின் இருபுறமும் சிறிய எண்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. 20க்குப் பக்கத்தில் 1உம் 5உம் நிற்கின்றன. 19க்குப் பக்கத்தில் 3உம் 7உம். 18க்குப் பக்கத்தில் 1உம் 4உம். குறி சற்றே விலகினாலும் தண்டனை கிடைக்கும்படியான அமைப்பு இது. எந்த எண்ணுக்கு எது அண்டை என்று தெரிந்தவருக்கு, ஒரு டார்ட் தவறினால் என்ன மிச்சமாகும் என்பதை எறிவதற்கு முன்பே கணிக்க முடிகிறது.

ஒவ்வொரு பிரிவிலும் நான்கு பகுதிகள் உண்டு. பலகையின் விளிம்பில் ஓடும் மெல்லிய வளையத்தில் குத்தினால் அந்த எண் இரட்டிப்பாகும், இதுவே டபுள். மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே ஓடும் மற்றொரு மெல்லிய வளையத்தில் குத்தினால் மும்மடங்கு, இது டிரிபிள். இரு வளையங்களுக்கும் உள்ளேயும் இடையேயும் உள்ள அகன்ற இரு பகுதிகளில் எதில் குத்தினாலும் எண்ணின் மதிப்பு மட்டுமே கிடைக்கும். மையத்தில் இருக்கும் சிவப்பு வட்டம் புல்ஸ்ஐ; அதற்கு 50 புள்ளிகள். அதைச் சுற்றியுள்ள பச்சை வளையத்துக்கு 25. புல்ஸ்ஐ என்பது 25இன் டபுளாகக் கருதப்படுவதால், ஆட்டத்தை அதில் முடிக்கவும் விதி இடமளிக்கிறது. டபுள் வளையத்துக்கு வெளியே, எண்கள் இருக்கும் கறுப்புப் பகுதியில் குத்தினால் புள்ளி ஏதும் இல்லை.

ஆக, பலகையில் ஒரே டார்ட்டால் பெறக்கூடிய அதிகபட்சம் டிரிபிள் 20 தரும் 60. புல்ஸ்ஐ தரும் 50 அதற்கு அடுத்தபடியாகக்கூட வராது, ஏனெனில் டிரிபிள் 19 தருவது 57, டிரிபிள் 18 தருவது 54, டிரிபிள் 17 தருவது 51. நடுவில் குத்தினால்தான் அதிகப் புள்ளி என்ற பரவலான எண்ணம் இங்கே செல்லாது.

டபுள், டிரிபிள் வளையங்களின் அகலம் இரண்டுக்கும் 8 மில்லிமீட்டர்தான். ஆனால் டபுள் வளையம் மையத்திலிருந்து தொலைவில் இருப்பதால் ஒவ்வொரு டபுளும் பக்கவாட்டில் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் நீளமும், ஒவ்வொரு டிரிபிளும் ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் நீளமும் கொண்டிருக்கின்றன. பரப்பளவில் பெரியது டபுள்தான். அது கடினமாகத் தோன்றுவதற்குக் காரணம், டிரிபிள் தவறினால் சில புள்ளிகளாவது கிடைக்கும். டபுள் வெளிப்புறமாகத் தவறினால் ஒன்றுமே கிடைக்காது என்பதே.

மாட்டுவதும் கோடு போடுவதும்

உச்சியில் 20 இருக்குமாறு பலகையை மாட்டி, புல்ஸ்ஐயின் மையம் தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் அமையுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். எறிகோடு சுவரிலிருந்து அளக்கப்படுவதில்லை; பலகையின் முகப்பிலிருந்து நேர் கீழே தரைக்கு ஒரு குண்டுநூல் விட்டு, அந்தப் புள்ளியிலிருந்து 2.37 மீட்டர் அளந்து, கோட்டின் முன்விளிம்பு அங்கே வருமாறு போட வேண்டும். சுவரிலிருந்து அளந்தால் பலகையின் தடிமன் அளவுக்குத் தூரம் குறைந்துவிடும். அளவு சரிதானா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. புல்ஸ்ஐயின் மையத்திலிருந்து எறிகோட்டின் முன்விளிம்பு வரை சாய்வாக அளந்தால் 2.93 மீட்டர் வர வேண்டும். பிளாஸ்டிக் முனை டார்ட்டுகளை எறியும் மின்னணுப் பலகைகளுக்கு இந்தத் தூரம் பொதுவாக 2.44 மீட்டர் என்று வைக்கப்படுகிறது.

பலகையைச் சுற்றியுள்ள சுவரில் ரப்பர் அல்லது நுரை வளையம் ஒன்றைப் பொருத்துவது நல்லது. கம்பியில் பட்டுத் தெறிக்கும் டார்ட் எறிந்தவரின் காலருகே வரை வந்து விழக்கூடும் என்பதால் காலணி அணிந்தே ஆட வேண்டும்; ஒருவர் எறியும்போது மற்றவர்கள் எறிகோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் இடத்தில் பலகைக்கு அருகே கதவோ நடைபாதையோ இருக்கக் கூடாது. இதில் எந்தச் சமரசமும் வேண்டாம். சைசல் பலகையில் தண்ணீர் தெளிக்கக் கூடாது. நார் உப்பிக் கெட்டுவிடும். எண் வளையத்தைக் கழற்றிப் பலகையை அவ்வப்போது சுழற்றி வைத்தால் 20இன் டிரிபிள் மட்டும் தேய்ந்துபோவதைத் தவிர்க்கலாம்.

டார்ட்டைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு டார்ட்டில் முனை, விரல்களால் பிடிக்கும் உலோகப் பேரல், அதன் பின்னே தண்டு, கடைசியில் இறகு என்று நான்கு உறுப்புகள் உண்டு. விதி 50 கிராம் வரை அனுமதித்தாலும் பெரும்பாலோர் 20 முதல் 26 கிராம் வரையிலான எடையையே பயன்படுத்துகிறார்கள். தொடங்குகிறவருக்கு 22 அல்லது 24 கிராம் பொருத்தமாக இருக்கும். பித்தளைப் பேரல் விலை குறைவு, ஆனால் தடிமன் அதிகம். டங்ஸ்டன் மிக அடர்த்தியான உலோகம் என்பதால் அதே எடையை மெல்லிய பேரலாகச் செய்துவிட முடிகிறது; 32 மில்லிமீட்டர் நீளமே உள்ள டிரிபிளில் மூன்று டார்ட்டுகளும் இடம்பிடிக்க மெல்லிய பேரல் பெரிதும் உதவும். அகன்ற இறகு டார்ட்டை நிதானப்படுத்தும் என்பதால் முதலில் அதையே வைத்துக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும் சில மாதங்களுக்கு மாற்றாமல் அதிலேயே பழகுவது மிகவும் முக்கியம்.

நிற்பதும் எறிவதும்

வலக்கைக்காரர் வலது காலை முன்னே வைத்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, எடையின் பெரும்பகுதியை முன்காலில் தாங்கி நிற்க வேண்டும். இடக்கைக்காரருக்கு இது நேர் எதிர். பாதத்தை எறிகோட்டுக்கு இணையாக வைப்பதா, சாய்வாக வைப்பதா என்பது அவரவர் வசதி. கால் கோட்டைத் தாண்டாமல் இருப்பதும், உடல் முன்னும் பின்னும் ஆடாமல் இருப்பதும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்பதுமே தேவை. முன்னோக்கிச் சற்றுச் சாயலாம். ஆனால் சாய்ந்தபின் எறிந்து முடிக்கும்வரை அந்தச் சாய்வு மாறக் கூடாது.

டார்ட்டை ஒரு விரலின் மேல் கிடத்தி, அது எந்தப் பக்கமும் விழாமல் நிற்கும் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். கட்டைவிரல் அந்த இடத்திலோ அதற்குச் சற்றுப் பின்னாலோ அமர, எதிர்ப்புறத்தில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தாங்கட்டும். விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்தால் விடுபடும் தருணத்தில் டார்ட் இழுபட்டுத் திசை மாறும். மற்ற விரல்களை உள்ளங்கைக்குள் மடக்காமல் இயல்பாக விரித்து வைப்பது நல்லது.

எறிதலில் அசைய வேண்டியவை முழங்கைக்குக் கீழே உள்ள கையும் மணிக்கட்டும் மட்டுமே. மேற்கையை ஏறக்குறையத் தரைக்கு இணையாக உயர்த்தி, குறியையும் டார்ட்டையும் கண்ணால் ஒரே கோட்டில் கொண்டுவந்து, முகத்தை நோக்கிக் கையை நிதானமாகப் பின்னிழுத்து, தடையில்லாமல் முன்னே செலுத்தி விட்டுவிட வேண்டும். டார்ட் போன பிறகும் கை நிற்காமல் நீண்டு, விரல்கள் குறியைச் சுட்டிக்காட்டியபடி முடிய வேண்டும். தொடக்கநிலையில் காணும் பிழைகளில் பெரும்பான்மையானவை இந்தக் கடைசி நீட்சியை வெட்டிவிடுவதால் வருகின்றன: டார்ட் குறிக்குக் கீழே விழுகிறது, அதைச் சரிசெய்ய வேகம் கூட்டப்படுகிறது, வேகம் கூடியதும் தோள் சேர்ந்து அசைகிறது. வலிமை தேவையில்லை. 24 கிராம் எடையை மூன்று மீட்டருக்கும் குறைவான தூரம் அனுப்ப மென்மையான ஒரு வளைவுப் பாதையே போதும்.

ஆட்டத்தைத் தொடங்குதல்

இருவரும் புல்ஸ்ஐயை நோக்கி ஆளுக்கொரு டார்ட் எறிய, மையத்துக்கு நெருக்கமாகக் குத்தியவர் முதலில் ஆடுவார். இருவரும் புல்ஸ்ஐயிலோ, இருவரும் பச்சை வளையத்திலோ குத்தினால் மீண்டும் எறிய வேண்டும். முதலில் ஆடுவது சிறிய சலுகை இல்லை. சமபலம் உள்ளவர்களிடையே முதலில் எறிகிறவருக்கு எப்போதும் ஒரு முறை முன்னிலை இருக்கிறது. அதனால்தான் அடுத்தடுத்த ஆட்டங்களில் தொடங்கும் உரிமை மாறி மாறி வருகிறது.

ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது மூன்று டார்ட்டுகளை எறிகிறார். 501இல் எந்த எண்ணில் வேண்டுமானாலும் தொடங்கலாம். 301 புள்ளிகளில் தொடங்கும் ஆட்டத்தில் சிலர் வைக்கும் விதிப்படி முதல் டபுள் விழும்வரை எந்தப் புள்ளியும் கணக்கில் சேராது. எந்த விதியில் ஆடுகிறீர்கள் என்பதைத் தொடங்குமுன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த டார்ட் செல்லும் என்பதில் பிணக்கு எழாதிருக்கச் சில விதிகளைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். முனை எந்தக் கம்பிக்கு உள்ளே பலகையைத் தொட்டிருக்கிறதோ அந்தப் பகுதிக்குரிய புள்ளியே கிடைக்கும். பேரலும் இறகும் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் பொருட்டில்லை. கம்பியில் பட்டுத் தெறித்து விழுந்த டார்ட்டுக்கும், குத்திய பின் தானாகக் கழன்று விழுந்த டார்ட்டுக்கும், முன்பு எறிந்த டார்ட்டின் பின்புறத்திலேயே குத்தி நின்றுவிட்ட டார்ட்டுக்கும் புள்ளி இல்லை. மறுபடி எறியவும் முடியாது. புள்ளிகளைக் கூட்டி எழுதி முடிக்கும்வரை பலகையிலிருந்து எந்த டார்ட்டையும் பிடுங்கக் கூடாது, மற்றவரின் டார்ட்டைத் தொடவும் கூடாது.

கணக்கு எழுதும் முறை

ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரு பத்திகள் வேண்டும். இடப்பத்தியில் அந்த முறையில் பெற்ற மொத்தம், வலப்பத்தியில் மிச்சம். மூன்று டார்ட்டுகளையும் தனித்தனியே கழிக்காமல், மூன்றையும் கூட்டி ஒரே தடவை கழித்தால் பிழை குறையும். பெரிய எண்ணைக் கழிக்கும்போது நூறைக் கழித்துவிட்டு மீதியைச் சேர்ப்பது வேகமான வழி. 85 என்றால் 100 கழித்து 15 சேர்க்கலாம். 96 என்றால் 100 கழித்து 4 சேர்க்கலாம். கணக்கு எழுதுகிறவர், கேட்டால் மிச்சம் எவ்வளவு என்று சொல்லலாம். எந்த டபுளில் எறிய வேண்டும் என்று சொல்லக் கூடாது. மிகப் பொருத்தமான விதி இது, ஏனெனில் அந்த முடிவை எடுப்பதே ஆட்டத்தின் பாதித் திறமை.

ஒரு முழு ஆட்டத்தைக் கணக்கோடு பார்ப்போம். ஆடுகிறவர்களை முதல்வர், இரண்டாமவர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல்வர் 20, 20, 1 எறிந்து 41 பெறுகிறார், மிச்சம் 460. இரண்டாமவர் 20, 5, டிரிபிள் 20 எறிந்து 85; மிச்சம் 416. முதல்வர் டிரிபிள் 20, 20, 20 என 100, மிச்சம் 360. இரண்டாமவருக்கு 5, 20, 1. மொத்தம் 26 மட்டுமே, மிச்சம் 390. டிரிபிள் 20ஐக் குறிவைத்து இருபுறமும் சிதறினால் வரும் தொகை இதுதான். இதை அடிக்கடி எழுத வேண்டியிருக்கும். முதல்வர் 19, டிரிபிள் 19, 3 எறிந்து 79, மிச்சம் 281. இரண்டாமவர் இரண்டு டிரிபிள் 20களோடு 20 எறிந்து 140, மிச்சம் 250. முதல்வருக்கு மூன்று தனி 20கள், 60, மிச்சம் 221. இரண்டாமவருக்கு 20, 1, 20 என 41, மிச்சம் 209. முதல்வர் டிரிபிள் 20, 20, 5 என 85, மிச்சம் 136. இரண்டாமவர் டிரிபிள் 20, 20, 20 என 100, மிச்சம் 109.

இப்போது இருவருமே மூன்று டார்ட்டுகளில் முடிக்கக்கூடிய நிலைக்கு வந்துவிட்டார்கள். முதல்வர் 136க்கு டிரிபிள் 20, டிரிபிள் 20, டபுள் 8 என்று திட்டமிடுகிறார். முதல் டார்ட் டிரிபிளில் விழுகிறது. இரண்டாவது தனி 20. மிச்சம் 56, கையில் ஒரே டார்ட். அதில் முடிக்க முடியாது என்பதால் அவர் 16ஐ எறிந்து 40ஐ மிச்சம் வைக்கிறார். அந்த முறையின் மொத்தம் 96. இரண்டாமவர் 109இலிருந்து 20, 19, 20 எறிந்து 59 பெற, அவருக்கு மிச்சம் 50.

முதல்வருக்குத் தேவை டபுள் 20. முதல் டார்ட் கம்பிக்கு வெளியே போகிறது. இரண்டாவது தனி 20இல் விழுந்து 20 மிச்சமாகிறது. தேவை இப்போது டபுள் 10. மூன்றாவது சற்று இறங்கி டபுள் 15இல் குத்துகிறது. 20 மட்டுமே மிச்சம் இருக்கையில் 30 பெற்றுவிட்டார். இது பஸ்ட், அந்த முறை முழுவதும் செல்லாது, மிச்சம் மீண்டும் 40. இரண்டாமவர் 10ஐ எறிந்து 40ஆக்கி, அடுத்த டார்ட்டை டபுள் 20இல் குத்தி ஆட்டத்தை முடித்துவிடுகிறார்.

பஸ்ட் ஆவது மூன்று வகைகளில் நிகழும். மிச்சத்தைவிட அதிகமாகப் பெறுவது ஒன்று. மிச்சம் சரியாக 1 ஆகிவிடுவது இன்னொன்று, ஏனெனில் மிகச் சிறிய டபுளே 2 தருவது. பூஜ்ஜியத்தை டபுள் அல்லாத ஒன்றில் எட்டுவது மூன்றாவது. எந்த வகையானாலும் பஸ்ட் ஆனதும் அந்த முறை அங்கேயே முடிந்துவிடும், மீதி டார்ட்டுகளை எறியக் கூடாது, மிச்சம் அந்த முறை தொடங்கியபோது இருந்த எண்ணுக்கே திரும்பிவிடும்.

முடிப்புக் கணக்கு

ஆட்டம் பெரும்பாலும் இங்கேதான் வெல்லப்படுகிறது என்பதால் நிதானமாகப் பார்க்க வேண்டிய பகுதி இது.

ஒரே டார்ட்டில் முடிக்கக்கூடியவை 2 முதல் 40 வரையிலான இரட்டைப்படை எண்களும் 50உம். இரண்டு டார்ட்டுகளில் முடிக்கக்கூடியவை 98 வரையிலான எல்லா எண்களும், அவற்றோடு 100, 101, 104, 107, 110 ஆகியவையும். மூன்று டார்ட்டுகளில் முடிக்கக்கூடிய மிகப் பெரிய எண் 170. அதற்கு டிரிபிள் 20 இரண்டும் புல்ஸ்ஐயும் வேண்டும்.

170க்குக் கீழே எல்லா எண்களும் முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. 169, 168, 166, 165, 163, 162, 159 ஆகிய ஏழு எண்களை மூன்று டார்ட்டுகளில் முடிக்கவே இயலாது. காரணம் எளியது. இரண்டு டார்ட்டுகளால் பெறக்கூடிய மிகப் பெரிய தொகை 120; அதற்கு அடுத்தது டிரிபிள் 20உம் டிரிபிள் 19உம் சேர்ந்த 117; அடுத்தது 114. இடையில் உள்ள 119, 118, 116, 115 போன்றவற்றை இரண்டு டார்ட்டுகளால் அடையவே முடியாது. அதனால் புல்ஸ்ஐயின் 50ஐச் சேர்த்தால் 170, 167, 164, 161 ஆகியவை கிடைக்கின்றன. இடையில் இருப்பவற்றில் டபுள் 20ஆல் எட்டப்படும் 160 நீங்கலாக மற்றவை கிடைப்பதில்லை.

இந்தக் கணக்கு எப்படி உதவுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். 229 மிச்சம் இருக்கையில் இரண்டு தனி 20கள் விழுந்து 189 ஆகிறது. ஒரு டார்ட் கையில் இருக்கிறது. பழக்கத்தால் மீண்டும் 20க்கே எறிந்து தனி 20 விழுந்தால் 169, முடிக்க முடியாத எண். அதற்குப் பதிலாக 19க்கு எறிந்தால் தனி 19 விழுந்தாலே 170. டிரிபிள் விழுந்தால் 132. கை ஒன்றுதான், டார்ட் ஒன்றுதான். கணக்குத் தெரிந்தவருக்கு மட்டும் அடுத்த முறை ஒரு வாய்ப்பு காத்திருக்கிறது.

தொடங்குகிறவருக்கு இவ்வளவு பெரிய முடிப்புகள் அரிதாகவே தேவைப்படும். அவர் கவனிக்க வேண்டியது 60க்குக் கீழே உள்ள எண்களையே. இங்கே 32ஐயும் 40ஐயும் மிச்சம் வைப்பதே இலக்கு. நான் 32க்கே முதலிடம் தருவேன். டபுள் 16ஐக் குறிவைத்து உட்புறமாகத் தவறித் தனி 16 விழுந்தால் மிச்சம் 16, தேவை டபுள் 8. அதிலும் அவ்வாறே தவறினால் 8, தேவை டபுள் 4. பிறகு 4, டபுள் 2. பிறகு 2, டபுள் 1. ஒருமுறைகூட ஒற்றைப்படை எண்ணில் சிக்குவதில்லை. தவிரவும் 16க்கு அடுத்தே 8 இருப்பதால், டார்ட் சற்று மேலே நழுவி டபுள் 8இல் விழுந்தாலும் 16 மிச்சமாகி மீண்டும் டபுள் 8க்கே வந்து சேர்கிறோம். 40இல் தொடங்கினால் 20, 10 என்று இறங்கி மூன்றாவது தவறிலேயே 5 ஆகிவிடும்; ஒற்றைப்படையைச் சரிசெய்ய ஒரு டார்ட் வீணாகும். ஆனாலும் டபுள் 20 உச்சியில் இருப்பதால் பலருக்கு அதுவே கைக்கு எளிதாகப் படுகிறது. இரண்டையும் பழகி, தமக்கு எது விழுகிறது என்று பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

41 முதல் 60 வரை மிச்சம் இருந்தால் முதல் டார்ட்டால் 32 அல்லது 40க்கு இறங்க வேண்டும். 43 என்றால் 3. 45 என்றால் 13. 52 என்றால் 20 அல்லது 12. 56 என்றால் 16. 60 என்றால் 20. இதிலும் அண்டை எண்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே விவேகம். 48 மிச்சம் இருக்கையில் 16க்கு எறிந்தால் 32 கிடைக்கும். தவறி 8இல் விழுந்தாலும் 40 கிடைக்கும். 47 மிச்சம் இருக்கையில் 15க்கு எறிந்தால் 32 கிடைக்கும், ஆனால் அதன் அண்டையான 10இலோ 2இலோ விழுந்தால் மிச்சம் 37 அல்லது 45, இரண்டுமே ஒற்றைப்படை. மாறாக 7க்கு எறிந்தால் 40 கிடைக்கும், தவறி 19இல் விழுந்தாலும் 28 மிச்சமாகி டபுள் 14 வாய்ப்பு இருக்கும். மிகச் சிறிய ஒற்றைப்படை எண்களிலும் இதே முறைதான்: 9க்கு 1 எறிந்து டபுள் 4, 7க்கு 3 எறிந்து டபுள் 2, 5க்கு 1 எறிந்து டபுள் 2.

எதிராளியின் மிச்சமும் முடிவை மாற்றும். அவர் 200க்கு மேல் இருந்தால் அடுத்த முறையில் அவரால் முடிக்க இயலாது. அப்போது 50 மிச்சமும் ஒரே டார்ட்டும் கையில் இருந்தால் புல்ஸ்ஐக்கு முயலாமல் 10ஐ எறிந்து 40ஐ வைத்துக்கொள்ளலாம். அவர் 40இல் காத்திருந்தால் புல்ஸ்ஐக்கு எறிவதே முறை.

எங்கே குறி வைப்பது

தேர்ந்தவர்கள் டிரிபிள் 20க்கு எறிகிறார்கள் என்பதற்காகத் தொடங்குகிறவரும் அங்கேயே எறிய வேண்டும் என்பதில்லை. குறி ஒரு பிரிவு இடமும் வலமும் விலகக்கூடியவர் என்று வைத்துக்கொண்டு, மூன்று அடுத்தடுத்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். 5, 20, 1 சேர்ந்தால் 26. 7, 19, 3 சேர்ந்தால் 29. 8, 16, 7 சேர்ந்தால் 31. 11, 14, 9 சேர்ந்தால் 34. சிதறல் அதிகமாக இருக்கும்வரை பலகையின் இடப்புறமே அதிகம் தரும். கை நிதானப்பட்டு, பத்தில் பாதிக்கு மேல் குறிவைத்த பிரிவிலேயே விழத் தொடங்கியதும் 19க்கோ 20க்கோ மாறலாம். அப்படி மாறிய பிறகும், முதல் டார்ட் டிரிபிள் 20இன் மேல் படுத்து மறைத்துவிட்டால் அடுத்ததை 19க்கு எறிவது நல்ல பழக்கம்.

லெக், செட், சராசரி

501இலிருந்து பூஜ்ஜியம் வரையிலான ஓர் ஆட்டம் ஒரு லெக். சில போட்டிகளில் லெக்குகளைச் சேர்த்துச் செட்டாக எண்ணுவார்கள். பிடிசி என்னும் தொழில்முறை டார்ட்ஸ் அமைப்பின் உலகச் சாம்பியன்ஷிப்பில் மூன்று லெக்குகளை முதலில் வெல்கிறவருக்கு ஒரு செட், இறுதியாட்டத்தில் ஏழு செட்டுகளை முதலில் வெல்கிறவருக்குப் பட்டம்.

ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும் அளவு மூன்று டார்ட்டுகளுக்கான சராசரி. பெற்ற புள்ளிகளை எறிந்த டார்ட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து மூன்றால் பெருக்க வேண்டும். மேலே கண்ட ஆட்டத்தில் இரண்டாமவர் 501ஐ 20 டார்ட்டுகளில் முடித்தார்; சராசரி 75.15. முதல்வர் 461 புள்ளிகளை 21 டார்ட்டுகளில் பெற்றதால் சராசரி 65.86, பஸ்ட் ஆன மூன்று டார்ட்டுகளும் எண்ணிக்கையில் சேரும். 30 டார்ட்டுகளில் முடித்தால் சராசரி 50.1, புதியவருக்கு அது மதிக்கத்தக்க முதல் இலக்கு. மிகக் குறைந்த எண்ணிக்கையில் முடிப்பதென்றால் ஒன்பது டார்ட்டுகள். 1984இல் ஜான் லோ தொலைக்காட்சியில் ஒளிபரப்பான போட்டியில் முதன்முதலாக அதைச் செய்தார்: ஆறு டிரிபிள் 20கள், பிறகு டிரிபிள் 17, டிரிபிள் 18, டபுள் 18. மிச்சமிருந்த 141ஐ எந்த வழியில் உடைப்பது என்பதில் அவர் வழக்கமான பாதையைப் பின்பற்றவில்லை. டிரிபிள் 20, டிரிபிள் 19, டபுள் 12 என்பதே பலர் செல்லும் வழி.

பயிற்சி

டிரிபிள் 20இலேயே ஒரு மணி நேரம் எறிவதைப் பயிற்சி என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் பாதியையாவது டபுளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மிகவும் ஏற்றது, 1988இன் உலகச் சாம்பியன் பாப் ஆண்டர்சனின் பெயரால் வழங்கும் பாப்ஸ் 27. தனியாகவே ஆடலாம். 27 புள்ளிகளோடு தொடங்கி, டபுள் 1க்கு மூன்று டார்ட்டுகள் எறியுங்கள். விழும் ஒவ்வொரு டார்ட்டுக்கும் அந்த டபுளின் மதிப்பான 2ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள்; மூன்றும் தவறினால் 2ஐ ஒருமுறை கழித்துவிடுங்கள். அடுத்து டபுள் 2, அதன் மதிப்பு 4. இப்படியே டபுள் 20 வரை சென்று, கடைசியாகப் புல்ஸ்ஐ. நடுவில் எங்கேனும் புள்ளி பூஜ்ஜியத்துக்கோ அதற்குக் கீழோ போனால் ஆட்டம் முடிந்தது. எண் ஏற ஏறத் தவறுக்கான கழிவும் ஏறுவதால் டபுள் 12, 13 அளவில்தான் உண்மையான சோதனை தொடங்குகிறது. ஒவ்வொரு நாளும் எந்த டபுள் வரை சென்றீர்கள், எவ்வளவு புள்ளியோடு நின்றீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். எந்த டபுள் உங்கள் கைக்கு இசைகிறது, எதை மிச்சம் வைக்கக் கூடாது என்பதை அந்தக் குறிப்பேடே சொல்லிவிடும்.